மூன்றாவது கூப்பாடு

எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் வராமல் தடுத்துக்கொண்டிருப்பது ஒரு மனிதருடைய தொண்டைதான் என்று எங்கள் வீட்டில் அப்போது உறுதியாக நம்பினோம். அப்பா அதைப் பெருமூச்சாகச் சொல்வார். அம்மா இடுப்புக் குடத்தை இறக்கி வைக்கும் ஓசையில் சொல்வாள். நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்த பருவம் என்பதால் அதையே சற்று அலங்காரமாகச் சொல்வேன். மூவரும் குறிப்பிட்டது ஒருவரைத்தான். அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. டவாலி என்றால் தெரியும்.

எதையும் ஒரே தடவையில் சொல்லி முடிக்க இயலாத மனிதர் மதுரைச் சீமையில் அவர் ஒருவர்தான் இருந்திருப்பார். நகரத்துக் கோர்ட் ஒன்றில் டவாலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. நீதிபதிக்கு முன்னால் நடப்பதும், வழக்கு எடுக்கும்போது வராந்தாவுக்கு வந்து வாதி பிரதிவாதியின் பெயரை மும்முறை கூவுவதும் அந்த வேலை. மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி. அதாவது, வராதவர் வராமலே அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிடலாம். ஓய்வு பெற்ற அன்று பட்டையையும் வில்லையையும் முறைப்படி ஒப்படைத்துவிட்டு வந்தவர், மும்முறையை மட்டும் ஒப்படைக்க மறந்துவிட்டார்.

கோழிகளை அடைக்க மும்முறை அழைப்பார். மூன்றாவது அழைப்புக்கும் கூடைக்குள் வராத கோழியின் மேல் அதற்கப்புறம் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, கீரிப்பிள்ளை பார்த்துக்கொள்ளும். சாலைக்குப் போய் நின்று, "டவுன் பஸ்ஸூ!" என்று கூவுவார். முதல் கூவலிலேயே டிரைவர் பதறிப்போய் நிறுத்திவிடுவார். நின்ற பஸ்ஸின் படியருகே நின்றுகொண்டு மீதி இரண்டையும் கூவி முடித்த பிறகுதான் ஏறுவார். கண்டக்டர்கள் விசில் கொடுப்பதை விட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் மனைவியை மும்முறை அழைப்பது வழக்கம். அந்த அம்மாள் முதலிரண்டுக்கு அடுப்படியை விட்டு அசையவே மாட்டார். அம்மா ஒருநாள் காரணம் கேட்டபோது அவர் சொன்ன பதில் எங்கள் வீட்டில் வெகுகாலம் புழங்கியது.

"மொதக் கூப்பாடு அவுகளுக்கு. ரெண்டாவது ஊருக்கு. மூணாவதுதான் தாயி எனக்கு."

எங்கள் தெரு, சமயநல்லூருக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து வயலைப் பார்த்து இறங்கும் தெரு. சாலையை ஒட்டிய தலைப்பில் மண்டிக்காரர் வீடு. அவருக்கு நகரத்தில் நெல் மண்டியும், தெருவின் மறுகோடிக்கு அப்பால் நஞ்சையும் இருந்தன. அவருக்கு அடுத்த வீடு டவாலி. நடுத்தெருவில் நாங்கள். தெரு முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு சிறிய பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வயல்வேலை பார்க்கும் குடும்பங்களின் வீடுகள். தெருவில் யாரும் அவற்றைத் தெருவோடு சேர்த்துப் பேசியதில்லை. 'வாய்க்காலுக்கு அங்கிட்டு' என்பார்கள். அந்த 'அங்கிட்டு' என்ற சொல்லில் தூரம் மட்டும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

கிணறுகள் எல்லாம் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடித்து நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒரே கதி, ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்த நல்ல தண்ணீர்க் கிணறு. தோப்புக்காரர் நல்லவர், கேட்டைத் திறந்தே வைத்திருந்தார். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கும் பணமுடை வந்தது. தோப்பைப் பிளாட் போட்டு விற்கப்போவதாகவும், பொங்கல் கழிந்ததும் வேலி விழுந்துவிடும் என்றும் அறிவித்தார். அன்று முதல் கிணற்றடியில் குடத்தோடு குடம் மோதாத காலை இல்லை. அக்கா தங்கையாகப் பழகிய பெண்கள் வாளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வம்சத்தை ஒருவர் விசாரித்தார்கள்.

அந்த ஆண்டுதான் நகரத்துத் தண்ணீர்க் குழாய் எங்கள் சாலை வரை வந்து நின்றது. தெருவுக்குள் நீட்டித் தரச் சம்மதம், ஆனால் நீட்டும் செலவில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் கட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எதுவரை குழாய் வேண்டும் என்று தெரு கூடி முடிவு செய்து எழுதிக் கொடுத்தால், அதுவரை போடுவார்கள்.

தெரு கூடியது. கூடிய இடம் எங்கள் வீட்டு முற்றத்துக் கீற்றுக் கொட்டகை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாலையில் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போட்டிருந்த பெஞ்சுகள் அங்கே இருந்தன. அதனாலேயே அவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். அவருடைய குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. ஆகவே, கூட்டத்துக்கு ஆளைக் கூப்பிடும் பொறுப்பை டவாலி ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, ஏற்றுக்கொண்டார்.

பழைய பட்டையைப் போலவே ஒன்றைப் புதுமண்டபத்துத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து வைத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டுக்காரரையும் மும்முறை அழைப்பார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரையும் மும்முறை அழைப்பார். "இங்கனதானண்ணே இருக்கேன்" என்று அவர் சொன்னால், "அது எனக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியணும்ல" என்பார். அழைப்பு முடிவதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். விவாதம் தொடங்கும்போது பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்காக மறுபடி கூட்டம், மறுபடி அழைப்பு. தொண்டை தண்ணீரைத் தடுக்கிறது என்று நாங்கள் நம்பியது இப்படித்தான்.

இதற்கு முடிவுகட்ட அவரே ஒரு விதியையும் கொண்டுவந்தார். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆஜராகாத வீட்டுக்குக் கூட்டத்தில் பேச்சில்லை. எடுத்த முடிவு அந்த வீட்டையும் கட்டும். இப்படியாவது சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே கைதூக்கினார்கள். சிரிக்காமல் கைதூக்கியவர் மண்டிக்காரர் மட்டும்தான்.

செலவைப் பற்றிய சண்டை முதல் கூட்டத்திலேயே இரண்டாகப் பிளந்தது. தூரத்துக்குத் தகுந்தபடி பங்கு என்றது தலைப்பு. எல்லாருக்கும் ஒரே பங்கு என்றது கடைக்கோடி.

"குழாய் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்குது. நான் எதுக்கு ஊர்க்கோடி வரைக்கும் காசு போடணும்?" என்றார் மண்டிக்காரர்.

"ஒங்க நெல்லு வண்டி எங்க வாசலை எல்லாம் குழிபறிச்சுக்கிட்டு எதுக்குண்ணே போகுது? அதுக்கும் தூரக்கணக்குப் போடுவமா?" என்றது கடைசிப் பெஞ்சு.

"மாப்ள, வண்டி வேற, தண்ணி வேற."

"ஆமாண்ணே. வண்டி எங்க வாசலுக்கு வருது. தண்ணிதான் வர மாட்டேங்குது."

அப்பா நடுவில் நின்று, "கொஞ்சம் அமைதியா" என்று இரண்டாவது பெஞ்சுக்குச் சொன்னார்.

எப்படியோ தெருவுக்குள் ஒரே பங்கு என்று சமாதானமாகி வந்த வேளையில், அளக்க வந்த அலுவலர் புதுச் சிக்கலைச் சொன்னார். வாய்க்காலைத் தாண்ட வேண்டுமானால் பாலத்தை ஒட்டி இரும்புக் குழாய் போட வேண்டும். அதற்குச் செலவு அதிகம். இன்னொன்றையும் சொன்னார். இந்த மாதத்துக்குள் முடிவைக் கொடுக்காவிட்டால், எங்களுக்கென்று ஒதுக்கிய குழாய்கள் வேறு பகுதிக்குப் போய்விடும்.

அடுத்த கூட்டத்தில் மண்டிக்காரர் எழுந்து, குழாயைப் பாலத்துக்கு இந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடலாம் என்றார். செலவு குறையும் என்பது எல்லாருக்கும் புரிந்தது. யாருக்குத் தண்ணீர் இல்லாமல் போகும் என்பதும் புரிந்தது.

கொட்டகைக்கு வெளியே, மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சம் முடிகிற இடத்தில் இருளாயி நின்றிருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் எல்லாருக்கும் மூத்தவர். நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவர். பெஞ்சில் உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. முந்தைய ஆண்டு வயலில் தாகத்துக்கு வாய்க்கால் தண்ணீரைக் குடித்து அவருடைய பேத்தி வாந்திபேதி கண்டு, பெரியாஸ்பத்திரியில் கிடந்து நூலிழையில் பிழைத்திருந்தாள். தோப்புக்கு வேலி விழுந்தால் அந்தக் குடும்பங்களுக்கு இனி அந்த வாய்க்கால்தான்.

"நாங்களும் இந்தத் தெருதானய்யா" என்றார் இருளாயி.

"பங்கு போடுவீகளா?" என்றார் மண்டிக்காரர்.

"எங்காளுகளோட பேசிப்புட்டு அடுத்த கூட்டத்துல சொல்றோம்."

"அப்பச் சரி. அடுத்த கூட்டம் புதன்கெழம. காலையில வச்சுக்கிருவோம் வாத்தியாரய்யா. சாயந்தரம் எனக்கு மண்டியில சோலி கெடக்கு."

அப்பா தலையாட்டினார். அன்றைக்கு அதில் அவருக்கு எதுவும் தவறாகப் படவில்லை.

இங்கே டவாலிக்கும் இருளாயிக்கும் இருந்த பகையைச் சொல்லாமல் போனால் பின்னால் நடந்தது விளங்காது. பகைக்குக் காரணம் இருளாயியின் வெள்ளாடு. வேலியில் உலர்த்தியிருந்த அந்தச் சிவப்புப் பட்டையை அது ஒருநாள் ஓரத்திலிருந்து தொடங்கி நிதானமாகத் தின்றது. பாதியில் பார்த்துப் பிடுங்கினார்கள். மிஞ்சியது ஒரு பக்கம் பட்டை, மறுபக்கம் திரி. டவாலி ஆட்டின் மேல் விசாரணை வைத்தார். வீட்டு வாசலில் நின்று, "இருளாயி வீட்டு வெள்ளாடு!" என்று கூவினார். முதல் கூப்பாட்டுக்கே ஆடு வந்து நின்றது. தெருவில் அதுவரை யாரும் முதல் கூப்பாட்டுக்கு ஆஜரானதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மீதி இரண்டையும் ஆட்டின் முகத்துக்கு நேரே கூவினார். அது மிச்சப் பட்டையைப் பார்த்தது.

"ஆட்டைக் கட்டிப்போட வக்கில்ல, வளக்க வந்துட்டா!"

"பட்டையைக் கொடியில போட வக்கில்ல, வேலியில போட்டுட்டுப் பேச வந்துட்டாரு டவாலி! என் ஆடு வயித்துவலியில கெடக்கு. கோர்ட்டுச் சாயம் ஒத்துக்கிரலையாம்!"

அன்று முதல் இருவரும் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. திட்டுவதற்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே, குழாய் பாலத்தோடு நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்களின் வரிசையில் டவாலியை மண்டிக்காரருக்கு அடுத்தபடியாக நாங்கள் வைத்திருந்தோம். அவர் வீடு தலைப்பில் இருந்தது. பங்கு குறைந்தால் அவருக்கும் லாபம். ஆட்டுக் கணக்கும் தீர்ந்துபோகும்.

புதன்கிழமை காலையில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா சொன்னாள்.

"இன்னைக்கு மண்டிக்காரர் வயல்ல நடவாம். இருளாயி ஆளுக அம்புட்டுப் பேரும் விடியறதுக்கு முன்னாலயே எறங்கியாச்சு. எப்பவும் கொடுக்கறதைவிடக் கூலி கூட்டிக் கொடுத்திருக்காராம். அதை விட்டுட்டுக் கூட்டத்துக்கு வர அவுகளால ஆகுமா?"

அப்பா கையிலிருந்த துணியை மெதுவாக மடித்து வைத்தார். இன்றைக்குத் தள்ளிவைத்தால் மாதம் முடிந்துவிடும், குழாய் போய்விடும். நடத்தினால், கேட்பதற்கு ஆளில்லாத நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் எக்ஸ்பார்ட்டி. எல்லாரும் கைதூக்கிய விதி. அதை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கும் அந்தப் பக்கத்து ஆள் வேண்டும்.

கூட்டம் நிறைந்திருந்தது. இத்தனை நாள் வராதவர்கள்கூட அன்று வந்திருந்தார்கள். யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. டவாலி அந்தத் திரிப் பட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, தலைப்பிலிருந்து வரிசையாக அழைத்தார். எல்லாரும் ஆஜரானார்கள். கடைசி வீடும் முடிந்தது.

"அங்கிட்டு ஆளு யாரும் இல்லப்பா. தீர்மானத்தை எழுதிருவோம்" என்றார் மண்டிக்காரர்.

"கூப்பிடணும்" என்றார் டவாலி.

"வயல்ல இருக்கிறவளை இங்கேருந்து கூப்பிட்டு என்ன ஆகப் போகுது? சரி, விதின்னா விதி. சும்மா பேருக்கு மூணு வாட்டி சொல்லி முடிச்சுரு."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் தெருவின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்று அப்பா பிற்காலத்தில் அடிக்கடி சொல்வார். டவாலி மண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதிகள் பலருக்கு முன்னால் நடந்த மனிதர் அப்போதுதான் அவருக்குள் எழுந்து நின்றார்.

"பேருக்கா?"

"சும்மா சொன்னேன்பா."

"பேருக்குக் கூப்பிடறதுக்கு மைனா போதும். நான் எதுக்கு?"

பட்டையைச் சரிசெய்துகொண்டு கொட்டகையைவிட்டு இறங்கி, வயலைப் பார்த்து நடந்தார். கூப்பாடு கூட்டத்தின் காதில் விழ வேண்டும் என்பதும் அவர் விதிதான். வேறு வழியில்லாமல் கூட்டம் அவருக்குப் பின்னால் நடந்தது. மண்டிக்காரர், அப்பா, தெருவின் எல்லா வீட்டுக்காரர்களும், அடுப்பை அணைத்துவிட்டு வந்த பெண்களுமாக ஒரு ஊர்வலம். முன்னால், பின்தொடர நீதிபதி இல்லாத ஒரு டவாலி.

பாலத்தின் நடுவில் போய் நின்றார். கீழே வாய்க்கால் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நஞ்சை. வெகு தொலைவில் மண்டிக்காரர் வயலில் முந்தானையை இழுத்துச் செருகிய பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அவர்களுடைய குலவைச் சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது.

டவாலி ஒரு கையைக் காதருகே வைத்தார்.

"இருளாயீ...!"

அந்தக் குரலை எழுத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. பாலத்துக்குக் கீழேயிருந்த கொக்குகள் எழுந்தன. பின்னால் நின்ற குழந்தை ஒன்று வீரிட்டது. வயலில் குலவை நின்றது. வரிசை மட்டும் நிமிரவில்லை.

"மூணையும் சட்டுன்னு சொல்லுப்பா" என்றார் மண்டிக்காரர். அவருக்கு லேசாக வேர்த்திருந்தது.

"இருளாயீ...!"

ஒரு தலை நிமிர்ந்தது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. காற்றடித்துச் சாய்ந்த பயிர் எழுந்து நிற்பதுபோல வரிசை முழுதும் மெல்ல நிமிர்ந்தது. ஒரு உருவம் மட்டும் வரப்பில் ஏறியது. கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தது. நடக்கத் தொடங்கியது.

இனி மூன்றாவது. டவாலி மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார்.

"என்னப்பா பண்ற?"

"வெத்தலை போடறேன்ல."

"கூப்பிட்டு முடிச்சுட்டுப் போடு!"

"தொண்டை காஞ்சுபோச்சு. காஞ்ச தொண்டையில கூப்பிட்டா அது கூப்பாடு ஆகுமா? நீங்களே சொல்லுங்க."

ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். நரம்பை உரித்தார். அந்த நரம்பையும் கீழே எறியாமல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். சுண்ணாம்பைத் தடவினார்; அதிகமாகிவிட்டதென்று வழித்தார்; குறைந்துவிட்டதென்று மறுபடி தடவினார். வரப்பில் வந்த உருவம் இப்போது ஓடிவந்தது. அதற்குப் பின்னால் இன்னும் சிலர். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. தெருவே ஒரு கிழவருடைய தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாத்தியாரய்யா, இது நாயமா? சொல்லுங்க!" என்றார் மண்டிக்காரர்.

அப்பா தம் வாழ்நாளில் பேசிய பேச்சுகளிலேயே துணிச்சலானது இதுதான்: "ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல எம்புட்டு நேரம் இருக்கணும்னு விதியில இல்லையேண்ணே."

டவாலி மென்றார். வாய்க்காலில் துப்பினார். மறுபடி மென்றார். இருளாயி இரைக்க இரைக்க ஓடிவந்து, சேறு வழியும் காலைப் பாலத்தின்மேல் வைத்தார். இருவருக்கும் இடையே கைநீட்டித் தொடுகிற தூரம். அப்போது டவாலி நெஞ்சை நிமிர்த்தி, அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே, வயல் கடந்து போகும் அதே குரலில் கூவினார்.

"இருளாயீ...!"

"ஏய்யா காது கிழியக் கத்துற? கண்ணு முன்னாலதான நிக்கேன்!"

"ஆஜரா?"

"என்னாது?"

"ஆஜரா, இல்லையா? வாயால சொல்லணும்."

"ஆஜரு, ஆஜரு! எந்த வீட்டுல எழவு விழுந்துச்சோ, கோர்ட்டுலேருந்துதான் ஆளு வந்துருச்சோன்னு ஓடியாறேன். ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு!"

"கூட்டம் நடக்குது. உன் பக்கத்துக் கருத்தைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். அவர் வேலை முடிந்தது.

மண்டிக்காரர் வயலைப் பார்த்துவிட்டுப் பதறினார். அங்கே ஒருவரும் இல்லை. எல்லாப் பெண்களும் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள்.

"நடவை அப்படியே போட்டுட்டா வந்தீங்க?"

"கூப்பிட்டாகள்ல மொதலாளி. வராம இருக்க முடியுமா?"

இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். என்ன நடக்கவிருந்தது என்பது அவருக்கு அந்த ஒரு பார்வையில் புரிந்திருக்க வேண்டும். குரலை உயர்த்தவில்லை.

"எங்களால காசாப் பங்கு போட ஏலாது. பேசிப் பாத்துட்டோம். ஆனா கொழாய் பொதைக்கப் பள்ளம் வெட்டணும்ல? அதுக்குக் கூலி உண்டுல்ல? சாலையிலேருந்து எங்க வாசல் வரைக்கும் மொத்தப் பள்ளத்தையும் நாங்க வெட்டித் தர்றோம். அந்தக் கூலியை எங்க பங்கா வச்சுக்கங்க. பாலத்து இரும்புக்கும் சேத்து."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பள்ளம் வெட்டும் கூலி எல்லாருடைய பங்கிலும் ஒரு பகுதி. அது போய்விட்டால் தெருவுக்கே சுமை குறையும். மற்றவர்கள் குடிக்கப்போகும் தண்ணீருக்கும் இவர்கள் மண் வெட்ட வேண்டியிருந்ததில் உள்ள நியாயக்கேட்டைப் பற்றி நான் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் பாலத்தில் அதை யோசித்திருந்தவர் ஒருவர்தான். அது இருளாயி. அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும். பள்ளத்தை எங்க பக்கத்துலேருந்துதான் வெட்ட ஆரம்பிப்போம்."

"எதுக்கு? கொழாய் சாலையிலேருந்துதான வரும்?" என்றார் மண்டிக்காரர்.

"கொழாய் அங்கிட்டிருந்து வரட்டும். பள்ளம் இங்கிட்டிருந்து வரும். பாதி வெட்டுனப்புறம் போதும் நிறுத்துங்கன்னு சொன்னா, யாரு வாசலுக்கு முன்னால நிக்கும்னு நீங்களே பாத்துக்கங்க."

டவாலி சுவரிலிருந்து எழுந்தே விட்டார். வாய் நிறைய வெற்றிலைச் சாறு. சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. தொடையை மட்டும் ஒரு தட்டுத் தட்டினார்.

"இதெல்லாம் யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றார் மண்டிக்காரர்.

"யோசிங்க மொதலாளி. நாங்க இப்படி நெழல்ல உக்காந்திருக்கோம். என்னா, பறிச்சுப்போட்ட நாத்து வெயில்ல கெடக்கு. வேரு காஞ்சா அப்புறம் புடிக்காது. ஒங்களுக்குத் தெரியாததா?"

மண்டிக்காரர் வயலைப் பார்த்தார். வரப்பில் நாற்று முடிகள் குவியல் குவியலாக வெயிலைப் பார்த்துக் கிடந்தன. கூட்டத்தைப் பார்த்தார், அதுவரை அவர் பக்கம் நின்ற முகங்களெல்லாம் குறையப்போகும் பங்கைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. கடைசியாக டவாலியைப் பார்த்தார். டவாலி இன்னொரு வெற்றிலையை எடுத்துத் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

"சரி! சரி! போய் நடுங்க மொதல்ல!"

இரண்டு சரி. டவாலி விரலை உயர்த்தினார்.

"இன்னொரு வாட்டி."

"சரி!" என்று மண்டிக்காரர் கத்தியது வயலைக் கடந்து கேட்டிருக்கும்.

பொங்கலுக்கு முன்பே பள்ளம் வெட்டி முடிந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து தொடங்கி, எங்கள் வீட்டைத் தாண்டி, சாலை வரை. தோப்புக்கு வேலி விழுந்த வாரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. டவாலி அன்று வெற்றிலையை மென்றது ஏன் என்று எங்கள் வீட்டில் நெடுநாள் வழக்கு நடந்தது. தொழில் கர்வம் என்றார் அப்பா. மனசாட்சி என்றாள் அம்மா. நான் அவரிடமே கேட்டேன். "பாக்கு கெட்டிப் பாக்கு பாப்பா" என்றார். அதையும் மும்முறை சொன்னார்.

பகை தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தம் வீட்டுக் குழாயில் தண்ணீர் மெலிந்து வரும்போதெல்லாம் அவர் வாசலுக்கு வந்து வயலைப் பார்த்துக் கூவுவார்: "ஒன் ஆடு என் பட்டையைத் தின்னுச்சு, இப்ப ஒன் கொழாய் என் தண்ணியத் தின்னுது!" வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் உடனே வரும். அது அச்சில் ஏறத் தகாதது. அவர் அதை ரசித்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

கடைசிக் காலத்தில் அவருக்குக் குரல் போய்விட்டது. காற்று மட்டும் வரும். அப்போதும் உதடுகள் மும்முறை அசையும். மனைவி மூன்றாவதற்கு எழுந்து வருவார். அவர் போன அன்று இருளாயி வந்தார். வாசலோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். திட்டுவதற்குக்கூட வாய் வரவில்லை போலிருக்கிறது.

சென்ற ஆண்டு அந்தப் பக்கம் போயிருந்தேன். எங்கள் வீட்டை விற்று வெகுகாலமாகிறது. அப்பா இல்லை, அம்மா இல்லை. மண்டிக்காரரின் பிள்ளைகள் நகரத்துக்குள் குடியேறிவிட்டார்கள். டவாலி வீடு இருந்த இடத்தில் ஒரு டயர்க் கடை இருக்கிறது. பாலத்தைக் கடந்து போனேன். கடைக்கோடிக் குழாயடியில் இருளாயி உட்கார்ந்திருந்தார். தொண்ணூறைத் தாண்டியிருப்பார். கண் மங்கிவிட்டது, என்னைக் குரலில்தான் அடையாளம் கண்டார்.

"வாத்தியாரு மகளா? உக்காரு தாயி. டவாலி கூப்பிடற நேரம்தான்."

எனக்குப் புரியவில்லை. குழாயைக் காட்டினார். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் என்பதால் முதலில் காற்றுத்தான் வருமாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் எல்லாரும் அந்தக் குழாய்க்கே டவாலி என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

சற்று நேரத்தில் குழாய் ஒருமுறை செருமியது. பிறகு இன்னொரு முறை. இருளாயி அசையவில்லை. மூன்றாவது செருமலுக்கு, "வந்துட்டேன்யா, கத்தாத" என்று சொல்லிக்கொண்டே குடத்தை எடுத்து வைத்தார்.

அந்தக் கூட்டத்தில் ஆஜரானவர்களில் இன்றும் அங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான்.